முகம் காட்டாத சாட்சி

அப்பாவின் இடது கன்னத்தை மழித்து முடித்து, முகத்தை மறுபக்கம் திருப்பும்போது போன் அடித்தது. கையெல்லாம் சோப்பு நுரை. முழங்கையால் அறைக்கதவைச் சாத்திவிட்டு எடுத்தாள். சேனல் நிருபர்.

“காலையிலேயே உங்க மெசேஜைப் பார்த்தேன் மேடம். என்ன சொல்றதுன்னு தெரியாமதான்…”

“பரவாயில்ல. நாளன்னைக்கு வாய்தா. இனி என்ன ஆகும்?”

“வக்கீலுங்க கையை விரிச்சுட்டாங்க. எங்க சேனல் மேலிடத்துல ஏற்கெனவே சமாதானம் பேசிக்கிட்டுதான் இருந்தாங்க. அப்பாவை நம்பித்தான் நாங்க ரெண்டு மூணு பேர் மல்லுக்கட்டினோம். சாயங்காலச் செய்தியில மன்னிப்பு வாசிக்கிறாங்க.”

“மன்னிப்புன்னா? அப்பா பொய் சொன்னாருன்னா?”

“அவர் பேர் வராது மேடம். அதுதான் யாருக்கும் தெரியாதே.”

ஆறுதல் சொல்கிறாராம்.

“நான் வந்து சொல்றேன். எங்கிட்ட எல்லாம் சொல்லியிருக்கார்.”

“நீங்க காதால கேட்டதைக் கோர்ட்ல எடுத்துக்க மாட்டாங்க. அங்கே இருந்தவங்க வேணும்.”

அங்கே இருந்தவர் கட்டிலில் பாதிச் சவரத்தோடு கிடந்தார். ராணுவத்தில் ஜீப் ஓட்டியவர். இன்றைய தளபதி அன்று சாதாரண அதிகாரி, பின்சீட்டில் இருந்தார். கையைத் தூக்கிக்கொண்டு வந்த ஊர்க்காரர்களைச் சுடச் சொல்லி அவர் வயர்லெஸ்ஸில் உத்தரவு கொடுத்ததை முன்சீட்டில் இருந்து கேட்டவர். பல வருஷம் மென்று முழுங்கிவிட்டு, போன வருஷம்தான் டி.வி.யில் சொன்னார், இருட்டில் உட்கார்ந்து, மாற்றிய குரலில். தளபதி சேனல் மேல் மானநஷ்ட வழக்குப் போட்டார். “நானே கோர்ட்டுக்கு வர்றேன்” என்று அப்பா ஒத்துக்கொண்டதும், டி.வி.யில் பேசியது அவர்தான் என்பதும் வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடம் சொல்வதும் தெருவில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்று. தம்பியோ அதே ராணுவத்தில், அதே தளபதியின் கீழ். “அவன் லீவுல வர்றப்ப நானே சொல்லிக்கிறேன். நீ வாயைத் தொறக்காதே” என்றிருந்தார். அவன் வருவதற்குள் இவருக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது.

கத்தியை மறுபடி எடுத்தாள். அது வழுக்கித் தாடையோரம் கீறிவிட்டது. ரத்தம் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

தம்பி சீருடையிலேயே வந்து இறங்கினான். அவன் தகவல் சொல்லியிருந்ததால், பின்னாலேயே இரண்டு சிப்பாய்கள் மலர்வளையத்தோடு வந்தார்கள். ஓய்வுபெற்ற சிப்பாய் யார் செத்தாலும் தளபதி பெயரில் ஒன்று வந்துவிடும். ஏதோ ஒரு குமாஸ்தா அனுப்புவது. குறுக்கே சிவப்பு ரிப்பன், அதில் பொன்னெழுத்தில் தளபதியின் பெயரும் பதவியும்.

“பார்த்தியாக்கா? எவ்வளவு பெரிய மனுஷன். ஒரு டிரைவரை மறக்கல பாரு.” தம்பி வளையத்தை வாங்கிக்கொண்டு அப்பாவிடம் போனான்.

“நெஞ்சு மேல வேணாம்டா. கீழே ஓரமா வை.”

“ஏன்?”

எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

“கனமா இருக்கும்” என்றாள்.

“அவருக்கா?” என்றார் சித்தப்பா.

வளையம் நெஞ்சின் மேல் ஏறியது. அம்மா அந்தப் பூக்களைத் தொட்டுப் பார்த்துப் புதிதாக அழ ஆரம்பித்தாள். அப்பா வண்டியைப் பின்னால் எடுக்கும்போது யாராவது வழி சொல்லிக் கை காட்டினாலே அவருக்குக் கோபம் வந்துவிடும். இப்போது என்ன வைத்தாலும் பேசாமல் படுத்திருந்தார்.

எழவு வீட்டிலும் செய்தி கேட்காமல் சித்தப்பாவால் இருக்க முடியாது. வாசலில் நின்றபடி போனில் சத்தமாக வைத்தார். ஆதாரமற்ற குற்றச்சாட்டை ஒளிபரப்பியதற்குத் தளபதியிடம் சேனல் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறது என்று ஒரு பெண் குரல் தெளிவாக வாசித்தது.

“நான் அப்பவே சொன்னேன்” என்றார் சித்தப்பா. “எவனோ காசு வாங்கிட்டு உளறியிருக்கான்.”

“தைரியம் இருந்தா முகத்தைக் காட்டியிருக்கணும் சித்தப்பா. கோழைப் பய.” சொல்லிக்கொண்டே தம்பி அப்பாவின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டான்.

அவள் வாயைத் திறந்தாள். சிப்பாய்கள் இரண்டு பேரும் சுவரோரம் விறைப்பாக நின்றார்கள். லீவு முடிந்தால் தம்பி அவர்களோடுதான் இருந்தாக வேண்டும். சொன்னால் இவன் போச்சு. சொல்லாவிட்டால் அப்பா போச்சு. அப்பாவின் மேல்தான் அவளுக்குக் கோபம் வந்தது. ரெண்டு நாள், இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

தூக்குவதற்கு ஆட்கள் குனிந்தபோது ஒரு சிப்பாய் தயங்கித் தயங்கி முன்னால் வந்தான். வளையம் வைத்ததற்கு ஆபீசுக்குப் போட்டோ அனுப்ப வேண்டுமாம்.

“வீட்டுக்காரங்க கொஞ்சம் கிட்ட நில்லுங்க.”

தம்பி அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். “அக்கா, நீயும் வா.”

போய் நின்றாள்.

“ரிப்பன் மடிஞ்சிருக்கு மேடம். பேர் தெரியல. கொஞ்சம் சரி பண்ணிடுங்க.”

அவள் குனிந்து, அப்பாவின் நெஞ்சின் மேல் அந்த ரிப்பனை இரண்டு கையாலும் நீவி விரித்துவிட்டாள்.

“இப்பத் தெரியுதா?” என்று கேட்டாள்.