லோஜினியின் ‘இந்தா’

வட்டகொடை ரயில் ஸ்டேஷனில் கிடந்த நாய்க்குட்டியைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தவன் சுதாகரன். ஜிம்மி என்று பேர் வைத்தது, பால் ஊட்டியது, குளிருக்குத் தன் கம்பளிக்குள் விட்டுக்கொண்டது எல்லாம் அவன்தான். வளர்ந்த பிறகு அது அவன் மனைவி லோஜினியின் பின்னாலேயே திரிவதை அவனால் பொறுக்க முடியவில்லை.

லோஜினி தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் ஃபோனில் நாய் பழக்கும் வீடியோ பார்ப்பாள். அவித்த கோழி ஈரலைப் பொடியாக நறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு “இந்தா” என்பாள். ஜிம்மி ஓடி வந்தால் ஒரு துண்டு. மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டினாள். கடைசியில் தேயிலை மலை உச்சியில் நின்றாலும் அந்தச் சொல் கேட்டால் பாய்ந்து வந்தது.

சுதாகரன் “வா” என்றால் அசையாது.

“வான்னு கூப்பிட்டு, வந்தொடனே சங்கிலியில கட்டுறீங்க, இல்லாட்டி அடிக்கிறீங்க. வந்ததுக்குத்தான் அடின்னு அது நெனைச்சிக்கும்” என்றாள் லோஜினி.

“தூக்கியாந்து வளத்தவன் நான். எனக்கே பாடமா?”

ஒருநாள் அவனோடு தேயிலை பெக்டரியில் வேலை செய்யும் நிரஞ்சன் வந்திருந்தபோது சுதாகரன் நாயைக் கூப்பிட்டான். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து லோஜினி “இந்தா” என்றதும் பறந்தது. நிரஞ்சன் வாயைப் பொத்திச் சிரித்தான். அந்தச் சிரிப்பு சுதாகரனின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

மறுநாள் லோஜினி மலைக்குப் போனபின் அவன் “இந்தா” என்று சொல்லிப் பார்த்தான். ஜிம்மி வாலாட்டிக்கொண்டு ஓடி வந்தது. தனக்காக வரவில்லை, அவளுடைய சொல்லுக்காக வந்தது என்று நினைத்ததும் அவனுக்கு வயிறு எரிந்தது. கழுத்தைப் பிடித்துக் கட்டிப்போட்டான். அதன்பின் தினமும் அப்படியே செய்தான். அவள் கூப்பிட்டாலும் ஜிம்மி தயங்கத் தொடங்கியது. லோஜினி குழம்பினாள். அவனுக்கோ உள்ளுக்குள் திருப்தி.

ஒரு மாலை, மூடுபனியில், அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னாலிருந்த தேயிலைச் செடிகளைப் பார்த்து ஜிம்மி குரைத்தது. செடி அசைந்தது. “இந்தா, ஜிம்மி, இந்தா” என்றாள் லோஜினி. நாய் திரும்பி அவளைப் பார்த்தது. வருவதா வேண்டாமா என்று நின்றது. அந்த நேரத்தில் சிறுத்தை பாய்ந்தது.

சுதாகரன் விறகுக்கட்டையை வீசி எறிந்து, கத்திக்கொண்டே ஓடினான். சிறுத்தை விட்டுவிட்டு ஓடியது. ஜிம்மியின் தோள் கிழிந்து தொங்கியது.

ஹட்டனில் மிருக வைத்தியரிடம் தையல் போட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பும்போது அவன் லோஜினியிடம், “இந்தா” என்று கூப்பிட்டுக் கட்டிப்போட்டதை எல்லாம் சொன்னான்.

“நாய் மேல கோவமா, என் மேலயா?” என்று கேட்டாள்.

“ஒன் மேலதான்.”

வீட்டருகே இறங்கும்போது அவள், “அது தானா வர்ற வரைக்கும் நீங்க கூப்பிடக் கூடாது” என்றாள்.

காயம் ஆறியதும் அவள் வேறொரு சொல்லைப் பழக்கினாள். சுதாகரன் சோற்றை வைத்துவிட்டு விலகிப் போனான். பல வாரம் கழித்து ஒரு மத்தியானம் ஜிம்மி தானாக வந்து அவன் காலடியில் படுத்தது. அவன் மூச்சைக்கூட மெதுவாக விட்டான். அந்நேரம் லோஜினி வாசலிலிருந்து கூப்பிட்டாள். ஜிம்மி எழுந்து அவளிடம் ஓடியது.

அவனுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அதைத் திருப்பிக் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.