மூன்றாவது பரண்

1

இப்போதெல்லாம் யாரும் வழி கேட்பதில்லை. "லொகேஷன் அனுப்புங்க" என்கிறார்கள். கல்யாண மண்டபத்துக்கும் லொகேஷன், சாவு வீட்டுக்கும் லொகேஷன். போய் இறங்கியதும் ஒரு படம் எடுத்து, தான் நிற்கிற இடம் இன்னதென்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் செருப்பையே கழற்றுகிறார்கள். ஒரு இடத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிற மனிதனைக் காட்டூரில் பிச்சமுத்து பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

இந்தக் கதை அந்த எரிச்சலில் பிறந்தது. இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. (இருக்கிறது. பின்னால் வரும்.)

இதை எழுதுகிறவன்தான் பிச்சமுத்து. ஐந்தாவதோடு படிப்பு நின்று, திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். 'நான்' என்று எழுதிப் பார்த்தான். போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பதுபோல் இருந்தது. 'அவர்' என்று எழுதக் கூச்சமாக இருந்தது. ஆகையால் 'அவன்'.

எழுதச் சொன்னது அவனுடைய மச்சான் நல்லதம்பி, அக்காள் புருஷன். கே.கே. நகரில் மகன் வீட்டு மாடியில் இருக்கிறார். போனில்தான் சொன்னார்.

"அந்த எடம் ஒலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும் மாப்ளே. எனக்குக் காலையில தின்னதே மத்தியானம் ஞாபகம் இல்ல. நீயும் போயிட்டா? எழுதி வச்சுடு."

அந்த இடம் என்பது மான் வருகிற இடம்.

2

முதல் ஆரம்பம்:

துறையூர் தாண்டி மலையடிவாரத்தில் பிச்சமுத்துவின் அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. கிணற்று மேட்டில் நின்று வடக்கே பார்த்தால் ஒரு—

வேண்டாம். திசை சொல்லக் கூடாது.

இரண்டாவது ஆரம்பம்:

அங்கே ஒரு பெரிய இலுப்பை மரம். அதன் இரண்டாவது கவட்டையில்—

இதுவும் வேண்டாம். பெரிய இலுப்பை அங்கே எத்தனை நிற்கிறது என்று யாராவது எண்ணக் கிளம்பினால் போச்சு.

(துறையூர் என்று எழுதியிருக்கிறதே, அதையும் நம்ப வேண்டாம்.)

அப்பாவிடமிருந்து ஆரம்பித்தால் ஆபத்தில்லை. செத்துப்போனவரிடம் யாரும் லொகேஷன் கேட்க முடியாது.

அப்பாவிடம் லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. மான் சுடக் கூடாது என்று சட்டம் வராத காலம். மானுக்குக் காத்து உட்கார மரத்தின்மேல் பரண் கட்டுவார்கள்; அதற்கு மரம் பார்ப்பதென்றால் அவருக்குப் பெண் பார்க்கிற மாதிரி. எதைக் காட்டினாலும் ஒரு குறை சொல்வார். பிச்சமுத்துவும், அப்போதுதான் அக்காளைக் கட்டியிருந்த நல்லதம்பியும் கயிறும் கம்பும் சுமந்துகொண்டு பின்னால் அலைவார்கள்.

"தண்ணி குடிக்கிற எடத்துல கட்டுனா ஒரு நாள் சுடலாம். அப்புறம் அது அந்தத் தண்ணிக்கே வராது" என்பார் அப்பா. "மேயற எடத்துலயும் கட்டாத. மேயறதுக்கு முன்னாடி அது ஒரு எடத்துல நிக்கும். போவோமா வேணாமான்னு யோசிக்கும். அந்த எடத்தப் புடி."

பிடித்தார்கள். ஆடியில் மேல்காற்று, மார்கழியில் வாடை. எந்தக் காற்றும் பரணில் உட்கார்ந்திருப்பவன் வாசனையை மானிடம் கொண்டுபோகாதபடி ஒரு பாறை மறைத்துக்கொண்டிருந்த இடம்.

(பாறை என்று எழுதியது தவறு. பாறையை மறந்துவிடுங்கள்.)

பிறகு சட்டம் வந்தது. அப்பா துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தார். பரணை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. மச்சானும் மாப்பிள்ளையும் சாயங்காலமானால் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். மடியில் வேகவைத்த கடலை. பற்ற வைக்காத பீடியைக் கடித்துக்கொண்டே நல்லதம்பி இருப்பார். பங்குனியில் இலுப்பைப் பூ உதிரும். கள்ளும் வெல்லமும் கலந்தாற்போல் ஒரு வாசனை. சருகில் சத்தம் வரும். வந்த சத்தம் நிற்கும். நின்ற இடத்தில் இரண்டு காது மட்டும் தெரியும். நல்லதம்பி அவன் மணிக்கட்டைப் பிடிப்பார் பாருங்கள், எலும்பு நோகும்.

அந்த இரண்டு பேரும் சண்டை போடாமல் அத்தனை நேரம் சேர்ந்து உட்கார்ந்திருந்தது வாழ்க்கையில் அங்கே மட்டும்தான்.

பிறகு நிலம் கைமாறியது. அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினான். அழுகிற மாதிரி இருந்ததால் எடுத்துவிட்டான்.

3

போன மாதம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு கார் வந்து காட்டூர் வீட்டு வாசலில் நின்றது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அச்யுத், அவனுடைய அம்மா சத்யபாமா. அந்த நிலத்தை அவர்கள் வாங்கியிருந்தார்கள். மூலப் பத்திரத்தில் அப்பா பெயரைப் பார்த்து, விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"டவுன்லேர்ந்து வந்து தங்கறவாளுக்கு ரெண்டு ரூம் கட்டியிருக்கோம் ஐயா. மான் பார்க்கறதுக்கு இரும்புல மூணு ஸ்டாண்ட் செஞ்சாச்சு. எங்க எங்க வைக்கணும்னு நீங்க காமிச்சா போறும். போன்ல குறிச்சுண்டுடுவேன்" என்றான் அச்யுத்.

போகக் கூடாது என்றுதான் பிச்சமுத்து நினைத்தான். கால் காரில் ஏறிவிட்டது.

வழியெல்லாம் சத்யபாமா பேசிக்கொண்டே வந்தார். மடியில் புளியோதரைத் தூக்கு.

"கூண்டுக்கு வெளில ஒரு மானை ஒரே ஒரு தடவை பார்க்கணும் பிச்சமுத்து. இந்த முட்டியை வெச்சுண்டு ஏணி ஏறுவேனான்னு கேக்காதேங்கோ."

"ஏறிடலாம் மாமி. ஆனா உங்ககிட்ட வர்ற பச்சைக் கற்பூர வாசனைக்கும் இந்தப் பெருங்காயத்துக்கும் மான் இந்த ஜில்லாவுலயே நிக்காது."

"அப்போ குளிக்காம வரட்டுமா?"

"அதுக்குக் காட்டெருமை வரும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த அம்மாளைக் கதையில் கெட்டவராக எழுத முடியாது. அதுதான் முதல் தொந்தரவு.

நிலத்தில் மூன்று இரும்புப் பரண்கள் ஏணியோடு படுத்துக் கிடந்தன. வெல்டிங் மோசமில்லை. ஆனால் உட்காருகிற இடத்துக்கு முன்னால், முழங்கை உயரத்தில், ரப்பர் சுற்றிய ஒரு குறுக்குக் கம்பி.

"இது எதுக்கு தம்பி?"

"கேமரா லென்ஸ் கனமா இருக்கும் ஐயா. சாய்ச்சுக்கறதுக்கு."

"துப்பாக்கியும் அதுல நல்லாச் சாயும்."

"பெருமாளே! நாங்க வெங்காயம்கூடச் சேர்த்துக்கறதில்லை" என்றார் சத்யபாமா.

"நீங்க சேர்க்க மாட்டீங்க மாமி. வர்ற கெஸ்ட்டு?"

அச்யுத் சிரித்தான். அதைக் கள்ளச் சிரிப்பு என்று எழுதிவிட்டால் கதை சுலபமாக முடியும். பிச்சமுத்து ஒரு தடவை அப்படி எழுதி அடித்தான். அது கிழவன் உளறுகிறான் என்று சிரிக்கிற சாதாரணச் சிரிப்பு. அவனை நம்பவும் வழியில்லை, திட்டவும் வழியில்லை.

4

முதல் பரணுக்குப் பிச்சமுத்து குட்டைக்கரையைக் காட்டினான். இரண்டாவதற்கு முந்திரித் தோப்பு ஓரம். அப்பா இருந்திருந்தால் இரண்டுக்கும் முகத்தைச் சுளித்திருப்பார். அச்யுத்தின் போன் இரண்டு தடவை டிங் என்றது.

மூன்றாவதற்கு நடந்தார்கள். எந்தப் பக்கம் என்று எழுதப் போவதில்லை.

மரம் இருந்தது. கவட்டையில் பழைய கயிறு அறுத்த தழும்பைப் பட்டை மூடி வளர்ந்து, உதடு ஒட்டின மாதிரிக் கிடந்தது. கீழே ஈர மண்ணில் குளம்படிகள். இன்றைக்குப் பதிந்தவை. பெரியதன் பக்கத்தில் சின்னது, கட்டைவிரல் நகம் அளவு. அப்பா போய், துப்பாக்கி போய், நிலம் நாலு கை மாறி, அவனுக்குப் பல்லும் போன பிறகும் அதுகள் அதே இடத்தில் நின்று யோசித்துவிட்டுப் போகின்றன.

யாரோ மணிக்கட்டைப் பிடித்ததுபோல் நின்றுவிட்டான்.

"என்ன பிச்சமுத்து, அங்கேயே நின்னுட்டேள்?" பின்னால் சத்யபாமா.

"முள்ளு மாமி."

"இங்கயா ஐயா?" என்று போனைத் தூக்கிக்கொண்டு வந்தான் அச்யுத்.

5

அ) பிச்சமுத்து முள் எடுக்கிற சாக்கில் குனிந்து, காலால் குளம்படியைக் கலைத்தான். "இங்க ஒண்ணும் இல்ல தம்பி" என்று ரோட்டோரப் பனைக்கு அழைத்துப்போனான். மூன்றாவது பரணிலிருந்து டிராக்டர் நன்றாகத் தெரியும்.

ஆ) "இங்கதான் தம்பி" என்றான். டிங்.

இ) சத்யபாமா குளம்படியைப் பார்த்துவிட்டார். பிச்சமுத்து முகத்தையும் பார்த்தார். புடவைக் கொசுவம் அதன்மேல் விழும்படி வந்து நின்றுகொண்டு, "அச்யுத், வெயில் தாங்கலைடா, போலாம்" என்றார்.

மூன்றையும் நல்லதம்பிக்குப் போனில் வாசித்துக் காட்டினான்.

"எது மாப்ளே நடந்துச்சு?"

"சொன்னா யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்களே?"

"எங்கிட்டயேவா? நான் கண்டுபுடிச்ச எடம்டா அது!"

"நீங்க கண்டுபுடிச்சீங்களா? கயிறு தூக்குன ஆளு நீங்க. அப்பா கண்டுபுடிச்சது."

"ஒங்கப்பன் காட்டுன மரத்துல எறும்புப் புத்து இருந்துச்சு. அடுத்த மரத்தச் சொன்னது யாரு?"

கொஞ்ச நேரம் இப்படியே போனது. பிறகு நல்லதம்பி மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் வருதா?"

"வருது. குட்டிக் குளம்பும் இருந்துச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"அப்ப எழுதாத மாப்ளே."

"எழுதி முடிச்சிட்டனே."

"கிழிச்சுப் போட்டுரு."

6

கிழிக்கவில்லை. கிழித்தால் பங்குனிச் சாயங்காலங்களும் சேர்ந்து கிழியும். நல்லதம்பிக்கு நாளைக்கே அது மறந்தாலும் மறந்துவிடும். எழுதி வைக்கச் சொல்லி மறுபடி போன் வரும்.

அதனால் மூன்று முடிவையும் உங்களிடம் விட்டிருக்கிறது. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். 'இ' பிடித்திருக்கும். எல்லோருக்கும் பிடிக்கும். பிச்சமுத்துவுக்கும் பிடித்திருக்கிறது, அதனாலேயே அதன்மேல் சந்தேகமாக இருக்கிறது.

எது நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். சொல்லிவிட்டால் அடுத்து எங்கே என்று கேட்பீர்கள். இவ்வளவு தூரம் படித்து வந்ததில், அந்த மரம் எந்தப் பக்கம் இருக்கும் என்று ஒரு தடவையாவது மனசுக்குள் தேடினீர்களா இல்லையா?

தேடியிருப்பீர்கள்.

பிச்சமுத்து பேனாவை மூடினான். மச்சானைப் பார்க்கக் கே.கே. நகர் போவதற்காகச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான். தெருமுனையில் ஒரு நிமிஷம் நின்று, பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. நம்பாமல் நடையைக் கட்டினான்.