அரவைக்காலத்துக்கு ஒல்லிப் புத்தகங்கள்

பன்னிரண்டு நாவல்களைத் தேர்ந்தெடுக்க ஜெயசுதாவுக்கு ஒன்பது நாள் பிடித்தது. கல்யாணப் புடவைக்குக்கூட அவள் அவ்வளவு யோசித்ததில்லை. கடையில் மாமியார் காட்டிய மூன்றாவது புடவைக்கே தலையாட்டிவிட்டாள்.

கல்லூரித் தோழி செந்தமிழ்ச்செல்வி விழுப்புரத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாசிப்புக் குழு நடத்தினாள். வருகிற வருஷம் முழுக்க அறிவியல் புனைகதைதான் என்று அறிவித்திருந்தாள். மாதம் ஒரு நாவல். விண்வெளியில் நெடும்பயணம், காலத்தில் பின்னால் போவது, தண்ணீர் வற்றிய பூமி, மனுஷனைப் போல யோசிக்கும் இயந்திரம் என்று பன்னிரண்டு பொருள் கொடுத்திருந்தாள். எதை எந்த மாதத்தில் படிப்பது என்பது அவரவர் இஷ்டம். தனியாகவும் சேரலாம், ஜோடியாகவும் சேரலாம். ஜோடி என்றால் இருவரும் ஒரே நாவலைப் படித்து, அதைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து மாதக் கடைசியில் அனுப்ப வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் பட்டியலைப் போட வேண்டும். ஜோடி என்றால் கூடவே, சேருகிறோம் என்று இருவர் குரல் பதிவும் வர வேண்டும்.

ஜெயசுதா ஜோடியாகத்தான் பேர் கொடுத்திருந்தாள். கணவன் வெங்கடேசனிடம் இன்னும் சொல்லவில்லை.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டிய ஒரு ஊரின் சுகாதார நிலையத்தில் அவள் மருந்தாளுநர். அவன் கீழே மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் கரும்புச்சாற்றைச் சோதிப்பவன். கல்யாணமாகி மூன்று வருஷம்; அதில் இரண்டு வருஷம் ஆளுக்கொரு வீடு. நாலு மணிக்கு மருந்து வாங்க வந்தவர்கள் கலைந்து போய்விட்டால், பின்னாலிருக்கும் ஊழியர் குடியிருப்பில் அவள் மட்டும்தான். பலாமரத்து இலை ஓட்டின் மேல் விழுந்தால் அந்தச் சத்தம்கூட உள்ளே கேட்கும்.

தினமும் சாயங்காலம் அவள் ஃபோன் செய்வாள். சாப்பிட்டாயா என்று அவன் கேட்பான், அவளும் கேட்பாள். மேலே குளிரா, கீழே மழையா என்பதோடு இரண்டு பக்கமும் சேதி தீர்ந்துவிடும். வைத்துவிடட்டுமா என்பான். அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது: இரண்டு பேரும் ஒரு மாதம் ஒரே கிரகத்தில் இருந்துவிட்டு வந்தால், பேச எத்தனையோ இருக்குமே.

அதனால் பட்டியலை ஆலையின் காலண்டரைப் பார்த்துப் போட்டாள். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கரும்பு அரவை; அவனுக்கு லீவே கிடையாது. அந்த மாதங்களுக்கெல்லாம் நூறு, நூற்றிருபது பக்கத்தில் ஒல்லிப் புத்தகங்கள். ஆலை ஓய்ந்து இயந்திரங்களைக் கழற்றி மாட்டும் மாதங்களுக்குத் தடிப் புத்தகங்கள். அவளுக்கு உடனே படிக்க ஆசையாக இருந்த அறுநூறு பக்க விண்கலக் கதை ஆகஸ்டுக்குப் போனது.

சனிக்கிழமை கள்ளக்குறிச்சியில் இறங்கி நூலகத்துக்குப் போனாள். குழந்தைகளே பிறக்காத ஓர் உலகத்தைப் பற்றிய நாவல் தொண்ணூறு பக்கம்தான் இருந்தது. இரண்டு தடவை கையில் எடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே செருகினாள். வேறு மூன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். நூலகர் மணிமொழி தேதி போட்டுக்கொண்டே, இதெல்லாம் யாருக்கு என்று விசாரித்தார். எனக்கும் வீட்டுக்காரருக்கும் என்றாள்.

“அவரும் படிப்பாரா? குடுத்து வெச்சவங்கம்மா நீங்க. எங்க வூட்டுல கல்யாணப் பத்திரிகையக்கூட நான்தான் படிச்சு காட்டணும்.”

ஜெயசுதா சிரித்துவைத்தாள்.

மூங்கில்துறைப்பட்டு பஸ் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போனது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் இல்லை. கூட வேலை பார்க்கும் தங்கதுரையின் மகளுக்கு நிச்சயதார்த்தம், அவருடைய ஷிஃப்டையும் தானே பார்ப்பதாகச் சீட்டு எழுதிவைத்திருந்தான். அடுப்பின் மேல் அவளுக்காக ரசமும் வாழைக்காய் வறுவலும் மூடிவைத்திருந்தான்.

காலை ஆறரைக்கு வந்தான். குளித்து, இட்லி சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, பட்டியலை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். குழுவைப் பற்றியும், குரல் பதிவைப் பற்றியும் ஒரே மூச்சில் சொன்னாள். ஆய்வகத்துத் தாளைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே வரி வரியாகப் பார்த்தான்.

“அரவ மாசத்துக்கெல்லாம் ஒல்லியா பாத்து போட்டுக்கிற.”

அவன் அதைக் கவனித்ததில் அவளுக்குக் கன்னம் சூடேறியது. “ஆமாங்க. ஒரு நாளைக்கு நாலு பக்கம் படிச்சாப் போதும்.”

“நான் படிக்க மாட்டேன் சுதா.”

“ஒல்லிதாங்க.”

“ஒரே பக்கம்னாலும் மாட்டேன். நாளெல்லாம் காதுல மில்லு ஓடிக்கினே இருக்குது. வூட்டுக்கு வந்தாலும் நிக்கல. இன்னா சேதின்னு நீ கேக்கறப்ப, எதுனா சொல்லணுமேன்னு தேடறேன். ஒண்ணும் ஆப்படல. இதுல மாசம் ஒரு பரீட்ச வேற வெக்கிற.”

“அப்ப நான் ஃபோன் பண்றதே தொல்லையா இருக்குதா?”

“அத யாரு சொன்னா? நீ வெச்சப்பறம் அந்த ஃபோனயே பாத்துக்கினு கெடக்கறேன்.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பாயில் ஒருக்களித்துத் தூங்கியிருந்தான். பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவன் உள்ளங்கையில் ஏதோ மருந்துக் கறை பழுப்பாக இருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. பதினோரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸிலிருந்தே, தன் பேரைத் தனியாகப் போடும்படி செல்விக்கு எழுதினாள். உடனே குரல் செய்தி வந்தது.

“இன்னாடி, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஜோடி கழண்டுக்கிச்சா?”

சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பிவிட்டு, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்வரை ஃபோனை எடுக்கவில்லை.

குடியிருப்புக்கு வந்ததும் பட்டியலைத் திருப்பி எழுத உட்கார்ந்தாள். இப்போது ஒல்லி, தடி என்று பார்க்க வேண்டியதில்லை. பிடித்ததைப் பிடித்த மாதத்தில் போடலாம். ஆனால் பேனா ஓடவில்லை. ஒன்பது நாளாக அவனுக்கு எது தாங்கும் என்று மட்டுமே பார்த்துப் பழகிவிட்டதால், தனக்கு எது பிடிக்கும் என்று கேட்டுக்கொள்ளும்போது யாரோ தெரியாதவளிடம் கேட்பதுபோல இருந்தது. ஐந்தரைவரைக்கும் அடித்து அடித்து எழுதி, ஒரு வழியாக அனுப்பினாள். குழுவில் மூன்று பேர் கட்டைவிரல் போட்டார்கள். அவ்வளவுதான்.

அன்றைக்கு அவள் ஃபோன் செய்யவில்லை. ஆறு மணிக்கு அவனே செய்தான்.

போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டான். சேர்ந்தேன் என்றாள். வைத்துவிடட்டுமா என்று கேட்கப்போகிறான் என்று காத்திருந்தாள்.

“இப்ப இன்னா பண்ணப் போற?” என்றான்.

“படிக்கப் போறேங்க.”

“படி. ஃபோன வெக்காத, பக்கத்துல போட்டுக்க. நான் ஷிஃப்டுக்குக் கெளம்பற வரைக்கும் சும்மா படுத்துக்கினு இருக்கேன். ஒண்ணும் பேச வேணாம்.”

இது என்ன கூத்து என்று தோன்றியது. இருந்தாலும் ஜன்னலோரம் பாயை விரித்து, ஃபோனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்துவிட்டு, நூலகப் புத்தகம் ஒன்றைப் பிரித்தாள். அந்தப் பக்கம் மின்விசிறி டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ வாளியை இழுத்தார்கள். அவன் ஒரு தடவை இருமினான். ஒரு பக்கம் படித்துச் சரக்கென்று தாளைத் திருப்பினாள், இன்னொன்று படித்துத் திருப்பினாள். மூன்றாவதில் செவ்வாய்க் கிரகத்தில் ஒருத்தி கிணறு வெட்ட இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரியிலேயே கண் நின்றுவிட்டது. எழுத்துகள் கலங்கின. மூக்கை உறிஞ்சினால் கேட்டுவிடும் என்று முந்தானையை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா, ரொம்ப நேரமா அதே பக்கத்துல இருக்கற?” என்றது ஃபோன்.

ஜெயசுதா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

“பக்கம் கொஞ்சம் பெருசுங்க,” என்றாள்.