கொடிக்காரர்களுக்கு மூன்று அடி

என் மகளின் முதலாளியை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கிற ரகம். தாடி வைத்திருப்பான், அதனால் வீட்டில் அவன் பெயர் தாடி. மேசைமேல் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திப் பகடை உருட்டிச் சண்டை போடுகிற விளையாட்டு ஒன்று உண்டு. பூதம், மாயம் எல்லாம் அதில் வரும். அந்த விளையாட்டைப் புத்தகமாகப் போட்டு விற்கிறவன் தாடி. ஒவ்வொரு படைக்கும் ஒரு பட்டியல் வேண்டும். யார் யார் இருக்கலாம், எவ்வளவு தூரம் போகலாம், எப்படி வெட்டலாம், எதற்கு எத்தனை புள்ளி என்று எழுத வேண்டும். ஜப்பான் சாயலில் ஒரு படையை எழுதும் வேலை என் மகளுக்கு.

முதலில் அவள் எழுதிய படை எதிரே நின்ற எல்லாரையும் தின்றது. தாடி திருப்பி அனுப்பினான். அடுத்து எழுதியது ஊதினாலே விழுந்தது. அதையும் திருப்பினான். இனி ஒரு தடவைதான், தேறாவிட்டால் ஜப்பான் படை புத்தகத்தில் இல்லை, அவளும் வேலையில் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவள் மனுஷியாக இல்லை. பல்லைத் தேய்க்கும்போதே ஓடி வந்து சாமுராய்க்கு ஒரு புள்ளி கூட்டுவாள். கொம்பு வைத்த பூதத்துக்குக் குறைப்பாள். பிறகு இரண்டையும் அடிப்பாள். தட்டில் சாப்பாடு காய்ந்து கிடக்கும்.

கடைசியில் தாடி எங்கள் வீட்டுக்கே வந்து, தன் எலும்புக்கூட்டுப் படையைச் சாப்பாட்டு மேசையில் அடுக்கினான்.

"நீங்க ஆடுங்க பெரியவரே. ஒண்ணும் தெரியாத ஆளாலயும் இவ எழுதின தாளைப் பார்த்தே இவ படையை ஆட முடியணும். அதுதான் பரீட்சை." மகளிடம் திரும்பி, "நீ வாயைத் திறக்கக் கூடாது," என்றான்.

"ஒண்ணும் தெரியாத ஆளா? அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் போயிருக்கேன்யா."

"அப்ப ரொம்பத் தெரிஞ்ச ஆளு. உருட்டுங்க."

எழுத்துக் கூட்டி, விரலை ஓட்டிப் படித்துப் படித்து ஆடினேன். வில்லாளிகள் போனார்கள். நரியாக மாறுகிற பெண் போனாள். என் தளபதியும் விழுந்தான். மிச்சம் இருந்தது முதுகில் கொடி கட்டிய நாலைந்து பேர். தாடியின் தளபதி அவர்கள் மூக்குக்கு எதிரே வந்து நின்றான். தாளைப் பார்த்தேன். 'தளபதி விழுந்தால், கொடிக்காரர்களுக்கு உடனே மூன்று அடி.'

என் வயிற்றில் பால் வார்த்தாள் மகள் என்று பகடையை எடுத்து மூன்று தடவை உருட்டினேன். மூன்றாவதில் அவன் தளபதி சாய்ந்தான்.

"என்ன பண்றீங்க?"

"அடிச்சேன்."

"நடக்கிற அடியா இருக்கும் பெரியவரே. தளபதி செத்ததும் மூணு அடி பின்னால போய்க் கூடி நிக்கிறதுக்கு."

"கத்தியோட நிக்கிறவனுக்கு மூணு அடின்னா, உலாத்தவா போவான்? தோத்தா அர்த்தத்தையே மாத்துவியா நீ?"

மகளைப் பார்த்தேன்.

தாடியும் அவளைப் பார்த்தான். "இப்பப் பேசலாம். எந்த அடி?"

வெட்டுகிற அடி என்று சொன்னால் போதும். நான் படித்தது சரி, ஆட்டமும் எங்கள் கையில். கண்ணைக் காட்டினேன். மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

"நடக்கிற அடி," என்றாள்.

தாடி எலும்புகளைப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தான். "வாங்குற ஒவ்வொரு வீட்லயும் இதே சண்டைதான் வரும். புத்தகம் நாளைக்கு அச்சுக்குப் போகுது. இந்தப் படை இல்லாமலே போகட்டும்."

"ஒரே வார்த்தைதான் சார். இப்பவே மாத்திடறேன்."

"மாத்தி மாத்தித்தானேம்மா இங்க வந்து நிக்கிறோம்? ஆபீஸ் சாவியைக் குடுத்துடு."

கொடுத்தாள். அவன் செருப்பு மாட்டுகிற சத்தம் வாசலில் கேட்டது. பொறுக்க முடியவில்லை எனக்கு.

"ஒரு பொய் சொல்லித் தொலைச்சா என்னடி? கண்ணைக் காட்டினேனே!"

"கொடிக்காரன் மூணு தடவை வெட்டினா இந்தப் படையை யாராலயும் ஜெயிக்க முடியாதுப்பா. அதை நானே எப்படி அச்சுல ஏத்துவேன்?"

"அப்ப தப்பு என்னோடதா?"

"இல்லப்பா. நீங்க படிச்சது சரிதான்."

திட்டியிருந்தால் பரவாயில்லை. இனி எவனும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்தும் தாளை இழுத்து, 'அடி'யை அடித்துவிட்டு மேலே எதையோ எழுதினாள். கீழே தாடியின் வண்டி கிளம்பியது. நான் விரலை வைத்துப் படித்தேன். 'கொடிக்காரர்களுக்கு உடனே மூன்று எட்டு.'

"மூவெட்டு இருபத்தி நாலு," என்றேன். "அத்தனை ஆளுக்கு எங்கடி போறது?"

"எட்டு வச்சு நடக்கிற எட்டுப்பா," என்றாள். பிறகு எட்டையும் அடித்தாள். அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல், பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.