சர்பத் பாட்டிலில் ஊற்றி வையுங்கள்

1

இந்தக் கதை நான் எழுதிய ஒரு வரியிலிருந்து வந்தது. 1987 பிப்ரவரியில், ஒரு சின்ன மாத இதழில், வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்வது எப்படி என்று விளக்கியிருந்தேன். கடைசி வரி இது: ‘மீந்த கரைசலைக் காலி சர்பத் பாட்டிலில் ஊற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், மீண்டும் பயன்படும்.’

வாசகரே, அதை இன்னொரு முறை படியுங்கள். நான் மே மாதம்தான் படித்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: மே மாத வெயிலில் தருமபுரி பேருந்து நிலையம் தகதகவென்று—

வேண்டாம். வெயிலுக்கு இதில் வேலையில்லை. (இருக்கிறது. தாகம்.)

இரண்டாம் முயற்சி: தருமபுரியில் ரேடியோ பழுது பார்க்கும் ஜமீர், என் கட்டுரையைப் பார்த்து ஓர் ஆம்ப்ளிஃபயர் போர்டு செய்திருந்தார். அதைக் காட்ட, மாரண்டஹள்ளியிலிருந்து என்னை நோன்பு திறக்கும் நேரத்துக்கு வரச் சொன்னார்.

“நீங்க எழுதுனதுல ஒரு வரி விடலீங்க சார்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த வாக்கியத்தை அடிக்கப் பார்த்தேன், அடிக்கவில்லை.

3

வேலை எளிது. தாமிரம் பூசிய அட்டையில், வேண்டிய கோடுகளைப் பெயிண்டால் மூடி, ஃபெரிக் குளோரைடு கரைசலில் போடுகிறோம். மூடாத தாமிரம் கரைந்துபோகும், கோடுகள் நிற்கும். அமிலக் கரைசல் என்பதால் கையுறை வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும். தூளைத்தான் தண்ணீரில் கொஞ்சங்கொஞ்சமாகப் போட வேண்டும். பிளாஸ்டிக் தட்டு மட்டும். அலுமினியம் கூடவே கூடாது.*

இவ்வளவும் எழுதியிருந்தேன். நிறத்தை எழுதவில்லை. அது நன்னாரி சர்பத்தின் நிறம்.

(* அலுமினியத்தைக் கரைசல் அரிக்கும், நுரைத்துச் சூடேறும். ஆனால் உடனே அல்ல. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டு. அது போகச் சற்று நேரமாகும். கதை அந்தச் சற்று நேரத்தில்தான் நடக்கிறது.)

4

ஜமீரின் மனைவி சுல்தானா சர்பத்தையும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில்தான் வைப்பார். ஒரே அலமாரி, ஒரே மாதிரி பாட்டில்கள். அதில் ஒன்றை எடுத்து, அலுமினிய ஜக்கில் ஊற்றி, தண்ணீரும் எலுமிச்சையும் சேர்த்தார். நோன்பு என்பதால் ருசி பார்க்கவில்லை. முதல் டம்ளர் விருந்தாளிக்கு.

“உங்களுக்கு நோன்பு இல்லீங்களேண்ணே, குடிங்க.”

அவர்களை மதித்துக் குடிக்காமல் காத்திருந்தேன் என்று முதல் வரைவில் எழுதினேன். பொய். விளக்கிக்கொண்டிருந்தேன். கையில் அந்த டம்ளரோடு, ஜமீரின் தகப்பனார் அப்துல் கனியிடம், அமிலம் தாமிரத்தை எப்படித் தின்கிறது என்று. பாங்கு சொல்ல இரண்டு நிமிடம் இருந்தது. பெரியவர் என்னைப் பார்க்கவில்லை, ஜக்கையே பார்த்திருந்தார்.

“தம்பி,” என்றார், “சர்பத்து கொதிக்குது.”

ஜக்கு நுரைத்துப் பொங்கியது. கீழே விரித்திருந்த பாய் பழுப்பானது. ஜமீர் தொடப்போய்ச் சூடு பட்டுக் கையை இழுத்துக்கொண்டார். மசூதியில் பாங்கு ஒலித்தது. ஒருவரும் பேரீச்சம்பழத்தைக்கூட எடுக்கவில்லை. சுல்தானா மட்டும் எழுந்து, என் விரல்களைப் பிரித்து டம்ளரை வாங்கினார்.

“குடிச்சீங்களாண்ணே?”

இல்லை என்று தலையசைத்தேன். அவர் டம்ளரின் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“பாட்டில்ல பேரு எழுதணும்னு மட்டும் நீங்க எழுதலீங்களே.”

5

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ஜக்கு கண்ணாடியாக இருந்திருந்தால் நுரைத்திருக்காது. நான் அதிகம் பேசாதவனாக இருந்திருந்தால். பாங்கு சீக்கிரம் ஒலித்திருந்தால், அப்துல் கனி பிஸ்மில்லா சொல்லி டம்ளரை வாயருகே—

என்னால் முடியவில்லை. நான் கூடாது என்று எழுதிய பாத்திரம்தான் எங்களைக் காப்பாற்றியது.

ஜூலை இதழில் திருத்தம் வந்தது, முப்பத்தொன்றாம் பக்கத்தின் அடியில், நான்கு வரி. பிப்ரவரி இதழ் வாங்கியவர்கள் எல்லோரும் ஜூலை இதழ் வாங்கியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் பிப்ரவரி இதழ் வாங்கியவரா? இங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து போங்கள். மேல்தட்டில் பழுப்பு நிறத்தில் எத்தனை பாட்டில்கள் என்று பாருங்கள். ருசி பார்க்காதீர்கள். பேனா எடுத்துப் போங்கள்.