வெயிலில் விழாத கண்ணீர்

பகலில் அக்காவின் கண்ணீர் கீழே விழுவதில்லை. இமையைத் தாண்டும் முன்பே சின்னச் சின்னக் குமிழிகளாகி மேலே போய்விடும். வெயில் பட்டால் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் நானோ துகள்களை உருவாக்குவதுதான் ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை. ஒரு நாள் குடுவையைக் கழுவிவிட்டு, கையுறையைக் கழற்ற மறந்து, அரித்த கண்ணைக் கசக்கிவிட்டாள். அத்தனை படித்தவள் செய்கிற காரியமா அது! கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். பார்வைக்குக் குறையொன்றும் இல்லை, அழுவதென்றால் இருட்டில் அழுங்கள் என்று சொல்லி அனுப்பினார். குடுவையில் இருந்த துகள்கள் நாலைந்து நாளில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டி வேலையை நிறுத்தின. கண்ணில் இருந்தவை வருஷக்கணக்கில் சளைக்கவில்லை.

அப்பா இறந்தபோது உடலை எடுத்தது உச்சி வெயிலில். ஊரே அழுதது, அக்காவின் கன்னம் மட்டும் காய்ந்து கிடந்தது. அந்த வெளிச்சத்தில் குமிழிகளை யார் பார்த்தார்கள்? பிறகு போனில் எல்லாவற்றையும் தங்கையிடம் விளக்கினாள். "காதுல பூ சுத்தாதே. கல்லு மனசுன்னு ஒத்துக்கோ," என்று தங்கை போனை வைத்தவள்தான், அப்புறம் பேசவே இல்லை. ஒரே போர்வையில் தூங்கி வளர்ந்தவர்கள். அக்கா ஆய்வுக்கூடமே கதியென்று கிடந்தாள். குடுவைத் துகள்கள் ஒட்டாமலிருக்க என்னென்னவோ பூச்சு பூசிப் பார்த்தாள், அவையும் கட்டிதட்டின.

இரண்டு வருஷம் கழித்து, அப்பாவின் சுவர்க் கடிகாரத்தை எடுத்துப்போகத் தங்கை வந்தாள். உட்காரவில்லை, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அக்கா கடிகாரத்தை ஜன்னலோரம் வைத்துத் துடைத்தாள். சாவி கொடுக்கும் இடத்தில் அப்பாவின் விரல் பட்டுப் பட்டு வண்ணம் தேய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை.

"என்னக்கா அது, கண்ணுல நுரை மாதிரி?"

"அழறேன்டி."

ஒரு குமிழி தங்கையின் மூக்கு நுனியில் பட்டு உடைந்தது.

"அன்னிக்கும் இப்படித்தானா?"

"அன்னிக்கு இதைவிட ஜாஸ்தி."

தங்கை போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். அறை இருண்டது. அக்காவின் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தங்கை அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். அத்தனை அழுகைக்கு நடுவிலும் அக்காவின் கை மேஜைமேல் இருந்த தம்ளரைத் தேடி எடுத்துக் கண்ணீரை ஏந்தியது.

"இதுலயுமா ஆராய்ச்சி! போதுமா, இன்னும் வேணுமா?" என்று தங்கை மூக்கைச் சிந்தினாள்.

அந்தத் தம்ளர் கண்ணீரை ஊற்றிய குடுவை ஆய்வுக்கூட ஜன்னலில் இன்றும் கட்டிதட்டாமல் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. என்ன சேர்த்தாய் என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டால், உப்புத் தண்ணீர் என்பாள். அக்காவின் முகம் வாடினால் தங்கை முதலில் திரையை இழுத்து மூடுவாள். என்ன விஷயம் என்று அப்புறம்தான் கேட்பாள்.