மூன்றாவது மைக்

கட்சிக் கூட்ட மேடைக்கு எதிரே, மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் முன்னால் கமல் உட்கார்ந்திருந்தான். மேடைக்கு இரண்டு மைக், கேள்வி கேட்கும் பெண்களுக்கு ஒன்று; ஒவ்வொன்றுக்கும் ஒரு குமிழ். வலப்பக்கம் திருப்பினால் சத்தம் ஏறும். அளவு மீறினால், ஸ்பீக்கரின் சத்தத்தையே மைக் திரும்பப் பிடித்து வீறிடும். போன மாதம் மாகறலில் ஒரு கல்யாணத்தில் அப்படித்தான் ஆனது. "இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சுன்னா, வேலைக்கு வராத" என்று முதலாளி அப்பாதுரை சொல்லியிருந்தார்.

கூட்டத்தின் இரைச்சலில் பேச்சு எட்டாது. மைக்செட்காரர்களுக்குக் கைதான் பேச்சு: உள்ளங்கை மேலே எழுந்தால் ஏற்று, கீழே இறங்கினால் குறை. கமல் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மேடையையே பார்த்தான்.

மேடைக்குக் கீழே, கட்சியின் வட்டச் செயலாளர் ராமராஜன், பட்டுநூல் சுற்றும் லில்லிக்கு ஒத்திகை வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க, சொல்லு."

"ஐயா, நீங்க வந்தா பட்டு நெய்யறவங்களுக்கு நல்ல காலம் வருமா?"

"சிரிச்சுக்கினே கேளும்மா. சாவு வூட்ல நிக்கற மாதிரி நிக்காத." வரவேற்புக்கு நின்ற பெண்களின் கும்பக் குடங்களை எட்டிப் பார்த்தார். "கேன் தண்ணிதான ஊத்தினீங்க? கொழாத் தண்ணின்னா கேமரால நெறம் தெரியும்."

"ஆரத்திக்கு மட்டும் கொழாத் தண்ணி எடுத்துக்கலாம்ணா. குங்குமம் மிச்சம்," என்றாள் லில்லி. பெண்கள் சிரித்தார்கள். ராமராஜன் சிரிக்கவில்லை.

தலைவர் வந்தார். லில்லியிடம் மைக் போனது.

"ஐயா, நீங்க வந்தா..." நிறுத்தினாள். "எங்க கொழாயில சாயத்தண்ணி வருதுங்கய்யா. என் கொழந்தைக்கு ஒடம்பெல்லாம் புண்ணு. இத யாரு நிறுத்துவாங்க?"

மேடை ஓரத்தில் ராமராஜனின் கை சட்டென்று உயர்ந்தது. கமல் மூன்றாவது குமிழைத் திருப்பினான். ராமராஜன் இரண்டு கைகளையும் தூக்கினார். கமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வீறிடாத கடைசி அளவுவரை திருப்பினான்.

"யாரு நிறுத்துவாங்க?" நான்கு தெருவுக்கும் கேட்டது.

தலைவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "பட்டு நெசவுக்குப் பொற்காலம் வரும், தாயே!"

முன்வரிசை கைதட்டியது.

கூட்டம் முடிந்ததும் அப்பாதுரை வந்தார். "நிறுத்துன்னு கைய காட்டினாரே, கண்ணு தெரியல?"

"மேல தூக்கினாரு மொதலாளி. மேல தூக்கினா ஏத்தணும்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க? வீறிடக்கூட இல்லியே."

"ஒயர சுத்தி வச்சிட்டுக் கெளம்பு. நாளைக்கு வராத."

கமல் முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாக ஒயரைச் சுற்றினான். மேடைக்குக் கீழே பெண்கள் கும்பங்களிலிருந்து தேங்காயையும் மாவிலையையும் எடுத்துப் போட்டார்கள். தண்ணீரை யாரும் கொட்டவில்லை. லில்லி குடத்தின் வாயை முந்தானையால் மூடி, இடுப்பில் வைத்துக்கொண்டு, தளும்பாமல் மெல்ல நடந்தாள்.